தெருவில் மரம் விழுந்தால் முதல் போன் யாருக்கு? அரிவாளை எடுப்பதற்கு முன் இதைப் படிங்க!

ஆடிக் காற்றைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று, வாழைத் தோப்புகளையும் தெருவோர மரங்களையும் சும்மா விடுவதில்லை.

ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். பழனிசெட்டிபட்டியில் ஒரு தெரு, இரவு 9 மணி. மடமடவென்று ஒரு சத்தம், கரண்ட் போகிறது. வெளியே வந்தால் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு மரம். கீழே ரெண்டு பைக். ஐந்தே நிமிடத்தில் தெருவே கூடிவிடும். "அண்ணே, அருவா இருக்கா?" என்று ஒரு குரல் வரும்.

அந்த நல்ல மனசு பாராட்ட வேண்டியதுதான். ஆனால், ஆபத்து ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கரண்ட் போயிடுச்சே, அப்புறம் என்ன பயம்?

வீட்டில் லைட் அணைந்தது என்பதற்காக, அறுந்த கம்பியில் மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை. வேறு ஃபேஸில் வரலாம், யாராவது ஓட்டும் ஜெனரேட்டரில் இருந்து திரும்பி வரலாம். ஈர மரமும் ஈரத் தரையும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே கம்பி மரத்தில் சிக்கியிருந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பசங்களையும் தள்ளி நிறுத்துங்கள்.

முதல் போன் மின்வாரியத்துக்கு. 24 மணி நேர 'மின்னகம்' எண் 94987 94987. 'சப்ளையை ஆஃப் பண்ணியாச்சு' என்று லைன்மேன் நேரில் சொல்லும் வரை யாரும் கிளையைத் தொடக்கூடாது. யாராவது சிக்கியிருந்தால் உடனே 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கம்பி இல்லைன்னா நாமே வெட்டலாமா?

வழியை மறைக்கும் சின்னக் கிளைகளை ஒதுக்கலாம். அடிமரத்தில் கை வைக்க வேண்டாம். வளைந்து அழுந்தியிருக்கும் கிளையை வெட்டினால் வில் மாதிரி தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் மேல்பாகத்தை வெட்டிய நொடியில், வேர்ப்பகுதி அப்படியே நிமிர்ந்து பழைய குழியில் உட்காரவும் வாய்ப்புண்டு. அந்தக் குழிப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது.

அந்த மரம் யாருடையது?

பாதிச் சண்டை இங்கேதான். தெருவோர மரம் என்றால் பேரூராட்சி. தேனி - கம்பம் தேசிய நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. காம்பவுண்டுக்குள் இருந்து சாய்ந்தது என்றால் வீட்டுக்காரர். அரசு இடத்து மரம் விழுந்தாலும் அரசு சொத்துதான், விறகுக்கு எடுத்துப்போக முடியாது.

நசுங்கிய பைக்குக்கு 'ஓன் டேமேஜ்' சேர்ந்த பாலிசி இருந்தால் க்ளெய்ம் செய்யலாம். 'தேர்ட் பார்ட்டி' மட்டும் என்றால் கிடைக்காது. மரத்தை அகற்றும் முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

விழுவதற்கு முன்னால்?

நாம் பேச வேண்டியது இதைத்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அது புயல். ஆனால் 2022 ஜூன் 24 அன்று கே.கே. நகரில் புயலே இல்லை. சாலையோர மரம் காரின் மேல் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். வடிகால் பணிதான் காரணமா என்று கேள்வி எழுந்தது, மாநகராட்சி அதை மறுத்தது.

மரம் பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. சாய்வு கூடும், அடியில் மண் வெடிக்கும், தண்டில் பொந்து விழும், காளான் முளைக்கும். நாமும் நம் பங்குக்குக் கால்வாய் தோண்டி வேரை வெட்டுகிறோம், பேவர் பிளாக்கைத் தண்டு வரை ஒட்டிப் பதிக்கிறோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2013-ல். நம்ம தெருவில் எத்தனை மரத்துக்கு அந்த 1 மீட்டர் இருக்கிறது?

பக்கத்து வீட்டு மரம் விழும் நிலையில் இருக்கிறது, சொன்னாலும் அவர் கேட்கவில்லை என்றால் சட்டத்தில் வழி உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின்படி (பழைய சி.ஆர்.பி.சி. 133), அந்த மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ ஆட்சியரும் கோட்டாட்சியரும் உத்தரவிடலாம். முதலில் ஒரு நல்ல வார்த்தை, பிறகு மனு.

இதற்காக 'எதுக்கு வம்பு' என்று எல்லா மரத்தையும் வெட்டித் தள்ளுவது தீர்வல்ல. மேலே கனத்த கிளைகளைக் கழித்துவிட்டாலே பல மரங்கள் காற்றைத் தாங்கும். விழுந்தாலும், ஆல், அரசு, பூவரசு போன்றவற்றைக் கிளை கழித்து, கிரேன் வைத்துத் தூக்கி நட்டால் மறுபடி துளிர்க்க வாய்ப்புண்டு.

பேரூராட்சிகள் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்துக்குள் தெருவாரியாக மரங்களைப் பரிசோதிக்க வேண்டும். மரம் அறுக்கும் மெஷினும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் கையில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. நம் பங்கு அதைவிடச் சின்னது. நாளைக்குக் காலையில் பால் வாங்கப் போகும்போது உங்கள் தெரு மரங்களை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டு நாலு பேர் கையெழுத்தோடு செயல் அலுவலரிடம் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மரம் விழுந்த பிறகு கூடுகிற தெரு, அதற்கு முன்பே ஒரு தடவை கூடினால் என்ன?