சாப்பாவுக்குத் தாவிய கைகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் தினமும் காலையில் கூட்டமாகக் காத்து நிற்பார்கள். மூப்பன் வந்து உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் விட்டெறிவார். ‘சாப்பா’ என்று பெயர். முண்டியடித்துப் பிடித்தவருக்கு அன்று வேலை. மற்றவர் வீட்டில் பட்டினி. ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் இந்தக் கொடுமையைத்தான் சொல்கிறது.

தன் லாபத்தை மட்டுமே எண்ணும் மனிதனை வைத்து அரசியலை விளக்கும் அறிஞர்கள் உண்டு. ஒற்றை ஓட்டு முடிவை மாற்றாது, ஓட்டுச்சாவடிக்குப் போகும் சிரமமோ நிச்சயம். பின் ஏன் போகிறார்கள் என்று 1957இல் குழம்பினார் அமெரிக்கரான அந்தோணி டவுன்ஸ். போராட்டம் ஜெயித்தால் ஒதுங்கி நின்றவனுக்கும் பலன் கிடைக்கும், ஆகவே விவரமானவன் ஒதுங்கியே நிற்பான் என்றார் மன்கர் ஓல்சன், 1965இல். இதற்குப் ‘பகுத்தறிவுத் தேர்வு’ என்று பெயர். பெரியாரின் பகுத்தறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாப்பாவுக்குத் தாவும் கைகளை இந்தக் கோட்பாடு கச்சிதமாக விளக்கிவிடும். ஆனால் அதே கைகள் 1953இல் சாப்பாவே வேண்டாம் என்று முஷ்டியை உயர்த்தின. செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவர் உயிரிழந்தனர். பின்னாளில் சாப்பா ஒழிந்தபோது, ஒதுங்கி நின்றவர்களுக்கும்தான் விடிந்தது. உயிரைக் கொடுத்தவர்களை எந்த லாபக் கணக்கில் எழுதுவது?

‘கடமை உணர்வு’ என்று ஒரு வரியைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்யப் பார்த்தவர்கள் உண்டு. விடை வேறிடத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலவரங்களை ஆராய்ந்த ஈ.பி. தாம்ப்சன், மக்களைத் தெருவுக்கு இழுத்தது வெறும் பசியல்ல, நியாயம் மீறப்பட்டது என்ற கோபம் என்றார். பொதுக் காரியத்துக்குப் படும் பாடே மனிதனுக்கு ஒரு பலன் என்றார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். மட்டாஞ்சேரிக்காரர்கள் கேட்டது வேலை மட்டுமல்ல. பொறுக்கித் தின்பவர்களாக நடத்தப்படக் கூடாது என்பதும்தான்.

ஓட்டு வரிசையிலும் இதுவே நடக்கிறது. முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் அங்கே ஒரே வரிசை, ஒரே மை. அந்தச் சில நிமிடச் சமத்துவத்துக்காகவே வெயிலில் நிற்பவர்கள் ஏராளம். வறுமை பணத்தை வாங்க வைக்கலாம். சாப்பாவையும் அதுதான் பொறுக்க வைத்தது. தேர்தலுக்குத் தேர்தல் நோட்டுகளை வீசும் கட்சிகள் மட்டாஞ்சேரி மூப்பனைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது.