போலீஸ்காரருக்கு யார் காவல்?

பட்டினப்பாக்கம் கடற்கரை. 2020-ம் ஆண்டு. கொரோனா என்ற கொள்ளை நோய் சென்னையைப் பிடித்து ஆட்டிய நேரம்.

சுண்டல் விற்கும் பையன் இல்லை. பட்டம் விடும் பிள்ளைகள் இல்லை. மீன் கடைகளில் பேரம் பேசும் சத்தமும் இல்லை. மார்ச் மாதம் மூடப்பட்ட கடற்கரை, டிசம்பர் 14-ந் தேதிதான் மறுபடியும் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

ஊர் முழுவதும் வீட்டுக்குள் இருந்தது. போலீஸ்காரர் மட்டும் தெருவில் நின்றார். கையில் லத்தி. முகத்தில் துணி. வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்கிறவர் மூச்சில் நோய் இருக்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்?

இரவு அவர் வீடு திரும்புவார். போலீஸ் குடியிருப்பில் வீடுகள் நெருக்கம். மனைவி, மக்கள், வயதான தாயார். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே போனாலும், பயம் அவரோடு கூடவே உள்ளே போகும்.

"எனக்கு முகக்கவசம் போதவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, கூட்டமில்லாத இடத்தில் வேலை கொடுங்கள்" என்று அவர் யாரிடம் சொல்வது? மேலதிகாரியிடம் சொல்லலாம். அவர் நல்லவராக இருந்தால் கேட்பார். இல்லாவிட்டால்?

மாம்பலம் இன்ஸ்பெக்டர்

பட்டினப்பாக்கத்திலிருந்து மாம்பலம் அதிக தூரம் இல்லை. மாம்பலம் போலீஸ் நிலைய இன்ஸ்பெக்டர் பாலமுரளிக்கு வயது 47. அவருக்குக் கொரோனா வந்தது. ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை அளித்தார்கள். 2020 ஜூன் 17-ந் தேதி இறந்து போனார். சென்னைப் போலீசில் கொரோனாவுக்கு முதல் பலி அவர்தான். நகரத்துப் போலீசார் அவருக்கு மவுன அஞ்சலி செலுத்தினார்கள்.

மும்பையில் அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில், அடுத்தடுத்து மூன்று போலீசார் பலியானார்கள். அதன் பிறகு, 55 வயதைத் தாண்டியவர்கள் வேலைக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் மூன்று உயிர் போன பிறகு வந்த உத்தரவு.

டாக்டர்கள் கதை வேறு. அதே ஏப்ரலில், சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. நாடு முழுவதும் டாக்டர்கள் கொதித்தார்கள். இந்திய மருத்துவச் சங்கம், 22-ந் தேதி மெழுகுவர்த்தி ஏந்துவோம், 23-ந் தேதி கறுப்பு தினம் என்று அறிவித்தது. 22-ந் தேதியே உள்துறை மந்திரி அவர்களோடு பேசினார். டாக்டர்களையும் நர்சுகளையும் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்ற அவசரச் சட்டத்துக்கு அன்றே மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. போராட்டத்தை டாக்டர்கள் கைவிட்டார்கள்.

கத்தி எடுக்கவில்லை. கடை அடைக்கவில்லை. ஒரு சங்கம் இருந்தது. அது வாய் திறந்து பேசியது. அவ்வளவுதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

போலீஸ்காரர் அப்படிப் பேச முடியாது. 1966-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சர்க்காரின் அனுமதி இல்லாமல் போலீசார் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. பத்திரிகைகளுக்குச் செய்தி சொல்லக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டெல்லிப் போலீசார் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால், ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு! பக்கத்துக் கேரளத்தில் சாதாரணப் போலீசாருக்கும் சர்க்கார் ஒப்புக்கொண்ட சங்கம் உண்டு. அதனால் கேரளம் ஒன்றும் கவிழ்ந்து விடவில்லை.

அப்படியானால் தயக்கம் ஏன்? காரணம் இல்லாமல் இல்லை. 1973-ல் உத்தரப் பிரதேசத்தில் ஆயுதப் போலீசார் கலகம் செய்தார்கள். அடக்குவதற்கு ராணுவம் வந்தது. 1979-ல் பஞ்சாபில் மூண்ட போலீஸ் கிளர்ச்சி பல மாநிலங்களுக்கும் பரவியது. எம்.ஜி.ஆர். முதல் மந்திரியாக இருந்த தமிழ்நாட்டிலும் அது எதிரொலித்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் கூடினால் ஆட்சியாளர்களுக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

சாத்தான்குளம்

பொதுமக்களுக்கும் ஒரு பயம் உண்டு. அது வேறு பயம்.

இன்ஸ்பெக்டர் பாலமுரளி இறந்த இரண்டாம் நாள், ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடைக்காரரையும் அவர் தந்தையையும் போலீசார் பிடித்துப் போனார்கள். சில நாட்களுக்குள் இருவரும் பிணமானார்கள். நாடே திடுக்கிட்டது.

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் இருந்த போலீசார் அவமதித்தார்கள். அந்த நிலையத்தில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். கண்ணால் கண்டதை அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அந்த அம்மாளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி ஐகோர்ட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு? திருடனிடமிருந்து அல்ல!

போலீஸ் சங்கம் என்ற ஒன்று அன்று இருந்திருந்தால், அது யார் பக்கம் நின்றிருக்கும்? அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கமா? உண்மை சொன்ன ஏட்டு பக்கமா? அவரும் அங்கத்தினர்தானே! சங்கம் கேட்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

இதில் இன்னொரு விஷயம். அந்த வழக்கில் கைதான பத்துப் போலீசாரில் ஒருவர், ஆகஸ்டு மாதம் கொரோனாவால் இறந்து போனார். குற்றம் சாட்டப்பட்டவரா, சாட்சியா என்று நோய் பார்க்கவில்லை. நோயிலிருந்து காப்பாற்றப்படும் உரிமை இருவருக்கும் உண்டு. கோர்ட்டிலிருந்து காப்பாற்றப்படும் உரிமை யாருக்கும் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் போலீஸ்காரருக்கு முகக்கவசம் கேட்கக்கூட ஒரு வாய் இல்லாமல் போயிற்று.

வெளிநாட்டில் நடந்தது

குழப்பம் நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் போலீஸ் சங்கங்களுக்குச் செல்வாக்கு அதிகம். 2020-லும் 2021-லும் அங்கே பணியில் இருந்த போலீசாரைத் துப்பாக்கிக் குண்டைவிட அதிகமாகக் கொன்றது கொரோனாதான். அப்படியிருந்தும் சிகாகோ போலீஸ் சங்கத் தலைவர் 2021 அக்டோபரில் என்ன செய்தார் தெரியுமா? தடுப்பூசி போட்ட விவரத்தை நகர சபைக்குச் சொல்லாதீர்கள் என்று அங்கத்தினர்களைத் தூண்டினார். அப்படிப் பேசக் கூடாது என்று கோர்ட்டு தற்காலிகத் தடை போட்டது. அதே வாரத்தில் அந்தச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் கொரோனாவுக்குப் பலியானார். அங்கத்தினரின் உயிரைக் காக்க வேண்டிய சங்கம், அவர்களுடைய வீம்பைக் காக்கக் கிளம்பியது!

இங்கிலாந்து வேறு வழி கண்டது. 1918 ஆகஸ்டில், உலக யுத்தம் நடந்து கொண்டிருக்கும்போதே, லண்டன் போலீசார் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டே பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. போலீசாருக்குத் தொழிற்சங்கம் கூடாது, வேலைநிறுத்தம் கூடாது, ஆனால் குறைகளைச் சொல்லச் சர்க்கார் ஒப்புக்கொண்ட ஒரு சபை உண்டு. நூறு ஆண்டு தாண்டியும் அந்தச் சபை இருக்கிறது. கொரோனா தடுப்பூசி வந்தபோது, தெருவில் நிற்கும் போலீசாருக்கு முன்னதாகப் போடுங்கள் என்று வாதாடியது. வேலையை நிறுத்தவில்லை; வாயையும் மூடவில்லை. நமக்கும் இதுவே பொருந்தும்.

ஒரு நாள் லீவு

தமிழ்நாட்டில் பேச்சு எழாமல் இல்லை. போலீசாருக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று 2021-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொன்னது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் போலீஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. கொரோனாவில் இறந்த முன்களப் பணியாளர் குடும்பத்துக்கு 2020 ஏப்ரலில் அறிவித்த தொகை 50 லட்சம். பிறகு கொடுக்கப்பட்டது 25 லட்சம். டாக்டர்கள் சங்கம் போட்டுக் கேட்டார்கள். போலீஸ்காரரின் விதவை எந்தச் சங்கத்தில் போய்க் கேட்பாள்?

2021 நவம்பரில் ஒரு நல்ல செய்தி வந்தது. கான்ஸ்டபிள் முதல் ஏட்டு வரை எல்லோருக்கும் வாரம் ஒரு நாள் லீவு என்று அரசாணை வெளியாயிற்று. மற்ற சர்க்கார் ஊழியர்களுக்கு அது எப்போதோ கிடைத்த உரிமை. போலீஸ் வீடுகளில் சந்தோஷம். ஆனால் ஆணை காகிதத்திலேயே இருக்கிறது, லீவு கைக்கு வரவில்லை என்று பிறகும் ஐகோர்ட்டுக்கு வழக்கு வந்தது. ஒரு நாள் லீவைக் கேட்கவும் வக்கீல் வைத்து, கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.