எந்தக் கரைத்தீவு?

தமிழ் ஊர்ப்பெயர்களை உரோமன் எழுத்திலே பெயர்த்து நூற்பட்டியலில் ஏற்றும்போது நெடில் குறிலாகிவிடுவது சிறு பிழைபோலத் தோன்றலாம். ஆயின், கிழக்கே விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவும், வடக்கே 1920கள் வரை காரைதீவு என வழங்கிப் பின்னர் காரைநகர் எனப் பெயர்பெற்ற ஊரும், மேற்கே புத்தளம் நீரேரிக்கு வடபால் வில்பத்துக் காட்டை ஒட்டிக் கிடக்கும் கரைத்தீவும் அவ்வெழுத்திலே ஒன்றாகிவிடுகின்றன. முதலிரண்டுக்கும் புகழுண்டு, அறிஞருண்டு, ஊர் வரலாறு எழுதுவாருண்டு. மூன்றாவது கடலை நம்பி வாழும் சிற்றூர். பட்டியலிலே மறைந்துபோவது எதுவென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நூலகத் தொழில்நுட்பம் என்றதும் கணினி வாங்குவதையும் அதனைத் திறந்துவைப்பதையும் மட்டுமே நினைப்போர் இத்தகைய கேள்விகளைக் கருதுவதில்லை. பட்டியல் மென்பொருளை நிறுவுதல், எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றுதல், ஏடுகளை மின்வருடிப் பேணுதல், பெயர்த் தலைப்புகளை நிருணயித்தல் ஆகிய யாவும் இத்தொழிலின் பாற்பட்டவை. இவற்றைச் செய்வோர் கரையோரத்திலும் ஒன்றுகூட வேண்டும். கற்பிட்டி, புத்தளம், வண்ணாத்திவில்லு என்னும் பிரதேசங்களிலுள்ள பொது நூலகப் பணியாளர், பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர், கணினி கற்பிப்போர் ஆகியோர் தமக்கெனச் சிறு குழுவொன்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறினால், இரு மறுப்புகள் உடனே எழும்.

கொழும்பிலே பயிற்சிநெறிகள் நடைபெறுகின்றனவே என்பது முதல் மறுப்பு. 1960இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கத்தின் பணியை எவரும் குறைத்து மதிப்பிடார். ஆனால் பயிற்சி வேறு, கூட்டுறவு வேறு. சான்றிதழோடு ஊர் திரும்பும் பணியாளர், பாமினி எழுத்துருவிலே முன்பு தட்டெழுதிய பட்டியல் புதிய கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும் நாளில் யாரிடம் கேட்பார்? பயிற்சி முடிந்தபின் எழும் ஐயத்துக்குப் பாடநெறியில் இடமில்லை. பக்கத்து ஊரிலே அதே இடரைக் கடந்த இன்னொருவர் இருத்தல் வேண்டும். அவரை இவர் அறிந்திருத்தலும் வேண்டும்.

நல்ல நூலகமே இல்லாத ஊர்களுக்குத் தொழில்நுட்பக் குழு எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. இது சற்றுக் கெட்டித்தனமானது; ஏழ்மையையே ஏழ்மைக்கு நியாயமாக்குவது. இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் ‘கோஹா’ என்னும் மென்பொருள் எங்கே பிறந்தது? பெருநகரத்திலன்று. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் சிறு மாவட்டத்து நூலகங்கள், தம் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காதென அஞ்சி, 1999இல் தமக்கெனச் செய்வித்துக்கொண்டதே அது. தமக்கு வாய்த்ததை அவை உலகுக்கு இலவசமாக அளித்தன. கோஹா என்பதற்கு மாவோரி மொழியிலே கொடை என்பது பொருள். தமிழ்ச்சூழலிலும், யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்ட பின்னர், ஈழத்து ஆவணங்களை மின்வடிவிற் பேணும் ‘நூலகம்’ திட்டத்தை 2005இல் தொடங்கியோர் அமைச்சோ திணைக்களமோ அல்லர். விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்களே.

புத்தளக் கரைக்குப் பட்டியற்கலை புதிதுமன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை இடப்பெயர்களை அகரவரிசையில் விளக்கும் நூலை வெளியிட்டார். 1859இல் இருநூறு வரையிலான தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என்று வழங்கினார். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தன என்பது வேறு கதை. இன்று தகவல் ஒழுங்கமைப்பு எனப்படுவதை அவர் கணினியின்றிச் செய்தார். அவருக்குச் சிலை கேட்போர், அவர் செய்த தொழிலைத் தொடர்வோருக்கு ஓர் அறையேனும் கேட்பதில்லை.

இக்கரையின் தேவைகள் பிறர் வகுத்த வார்ப்புருக்களுள் அடங்குவனவுமல்ல. மேனாட்டு மென்பொருள் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் உண்டென எண்ணிக்கொள்கிறது. தமிழருக்கு முன்னிற்பது பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. முஸ்லிம்களின் பெயரமைப்போ இன்னொரு வகையானது. வீடுகளிலே கிடக்கும் அறபுத்தமிழ் ஏடுகளைத் தமிழ் எழுத்தில் தலைப்பிடுவதா, அறபு வரிவடிவில் இடுவதா, இரண்டிலுமா? இவ்வேடுகளை வாசிக்கத்தக்க முதியோர் எத்தனை ஆண்டு இருப்பர்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்கள் கைப்பொருளாகக் கொணர்ந்த காணி உறுதிகள், புகைப்படங்கள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றை யாழ்ப்பாணம், மன்னார் என்ற தலைப்புகளின்கீழ் வைப்பதா, புத்தளத்தின்கீழ் வைப்பதா என்பது வெறும் வகைப்படுத்தற் பிரச்சினையன்று. அது அவர்கள் எந்த ஊரார் என்னும் வினாவாகும். இதனைக் கொழும்பிலிருந்து ஒருவர் தீர்த்துவைப்பது அறியாமை மட்டுமன்று, அத்துமீறலுமாகும்.

பல்கலைக்கழகங்களும் இதில் குற்றமற்றவையல்ல. ஊர்களிலே தரவு சேகரித்து ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுவோர், அவ்வேட்டின் பிரதியொன்றையேனும் அவ்வூர் நூலகத்துக்கு அனுப்பும் வழக்கம் எத்தனை துறைகளில் உண்டு? ஊர் கொடுக்கிறது, வளாகம் கொள்கிறது. விரிவுரையாளரும் மாணவரும் இக்குழுக்களிலே வழிகாட்டிகளாகவன்றி உறுப்பினராக அமர்ந்தால் இந்நிலை ஓரளவு மாறக்கூடும்.

குழுவுக்கு யாப்பும் தலைவரும் பொன்னாடையும் தேவையில்லை. மாதமொருமுறை ஆறுபேர், ஊர்மாறி ஊர் கூடினாற் போதும். முதற்கூட்டத்துக்குக் கணினிகூட வேண்டியதில்லை. கரைத்தீவு, கிழக்கின் காரைதீவு, காரைநகர் என்னும் மூன்றுக்கும் தனித்தனித் தலைப்புகளை மாவட்டப் பெயருடன் எழுதி, உரோமன் வடிவையும் பழைய பெயரையும் அருகே குறித்து, இவ்வூர்களைப் பற்றிய நூல்களை வைத்திருக்கும் நூலகங்களுக்கு அனுப்பலாம். அரைநாள் வேலை. அதற்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை.