கேட்கும் செவிக்கு என்ன விலை?

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின், எம்டிஎம்ஏ ஆகிய பொருள்களைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏ சிகிச்சையை ஏற்க மறுத்து, மேலும் ஓர் ஆய்வைக் கோரியது. இந்தியாவில் இவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் அடங்குபவை. எனினும், உடல்வழிப் பயிற்சி, இயற்கைச் சூழல், இத்தகைய மருந்து ஆகிய மூன்றையும் இணைத்துப் பணியாற்றும் உளவியலாளர் என்ற புதிய தொழில் மேலைநாடுகளில் உருவாகிவிட்டது. பொருளியல் பயிற்றுவித்தவனின் கண்ணுக்கு, இதில் மருந்தைவிட மனித நேரமே பெரிதாகத் தெரிகிறது.

எம்டிஎம்ஏ ஆய்வுகளில் ஒரு நோயாளிக்கு எட்டு மணி நேர அமர்வுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் இரு சிகிச்சையாளர்கள். அதுவே 48 மணி நேர உழைப்பு. முன்னும் பின்னுமான உரையாடல்கள் தனி. உற்பத்தி பெருகினால் மாத்திரையின் விலை குறையும். அருகில் அமர்ந்து கேட்பவரின் நேரம் மலிவதில்லை. வில்லியம் பாமோல் 1960-களில் இசைக் கலைஞர்களைக் கொண்டு விளக்கியது இதைத்தான். இரண்டரை மணி நேரக் கச்சேரியை அரை மணியில் முடித்து உற்பத்தித் திறனை உயர்த்த முடியுமா? மார்கழியில் சபாக்களுக்குச் செல்லும் மயிலாப்பூர்வாசிக்கு இது எளிதில் விளங்கும்.

உடல்வழிச் சிகிச்சை நமக்குப் புதிதன்று. தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய யோக மந்திரத்தின் அடிப்படையே, ஓர் ஆசிரியர் ஒருவருக்குத் தனியாகக் கற்பிப்பதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு நோயாளிகள் 61 பேரில், மருந்துடன் உடற்பயிற்சி செய்தவர்களைவிட மருந்துடன் யோகா செய்தவர்கள் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். 'மருந்துடன்' என்ற சொல்லை யோகா ஆர்வலர்கள் பலர் வசதியாக விழுங்கிவிடுகின்றனர்.

இயற்கை வழிக்குச் செலவு குறைவு. ஜப்பான் 1982-இல் 'வனக் குளியல்' என்று பெயரிட்டதற்கு நமக்கு நாகேஸ்வரராவ் பூங்காவும் தியாகராய நகர் நடேசன் பூங்காவும் உள்ளன. நடப்பவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் பங்குச்சந்தை பேசுகிறார்கள் என்பது வேறு.

எல்லா வழிகளிலும் தட்டுப்பாடு பயிற்சி பெற்ற மனிதர்களுக்குத்தான். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கவேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். ஆனால், பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. உளவியல் ஆலோசனையோ வந்து, பேசி, வீடு திரும்பும் சிகிச்சை. அடையாறில் வசிக்கும் என் முன்னாள் மாணவி, மகனின் வாராந்திர ஆலோசனைக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் செலவிட்டார். காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாயும் தரவில்லை. நான்காம் மாதம் ஆலோசனையை நிறுத்திவிட்டார். மாத்திரை மட்டும் தொடர்கிறது.

வெளிநோயாளர் ஆலோசனையில் முறைகேடு எளிது என்று காப்பீட்டாளர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. யார் வேண்டுமானாலும் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டலாம் என்ற நிலையில் அந்த அச்சம் இயல்பே. மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு உண்டு. பிற உளவியலாளர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021-இல் நிறைவேறியது. பதிவு பெற்றவரிடம் ஆண்டுக்குப் பன்னிரண்டு அமர்வுகளுக்கேனும் காப்பீடு தருவதிலிருந்து தொடங்கலாம். சைலோசைபினுக்கு அனுமதி தரலாமா என்ற விவாதம் அதன்பின் நடக்கட்டும்.