நீளும் தவணை

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர், 2021-ஆம் ஆண்டு, தமது முப்பத்தெட்டாவது வயதில், 7 சதவீத வட்டிக்கு, இருபது வருஷத் தவணையில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கிக் கிருகப்பிரவேசம் செய்தவர், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் ஐம்பத்தெட்டு வயதில் கடனும் தீர்ந்துவிடும் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். இடையில் தவணையும் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் கடைசித் தவணைக்கு எதிரே 2051 என்று அச்சாகியிருந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

விலைவாசி ஏற்றத்தை அடக்கும்பொருட்டு, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது பாங்குகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, ரிசர்வ் பாங்கு 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் பாங்குகள் கொடுக்கும் வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் இத்தகைய வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த இரண்டரை சதவீதம் கடன்காரர் தலையில் அப்படியே இறங்கியது. அது தவணையில் இறங்கியிருந்தால் அவருக்கு உடனே உறைத்திருக்கும். வருஷக் கணக்கில் இறங்கியதால் தெரியவில்லை. 30 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் மாதத் தவணை 23,259 ரூபாய், 9.5 சதவீதத்திலோ முதல் மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணையைக் கட்டிக்கொண்டிருந்தால் அசலில் ஒரு காசும் குறையாது என்கிற இந்த விபரீதத்தை, ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தி ஒன்றைத் தவிர, அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் செய்வதா என்று தீர்மானிக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீதித் தவணைகளின் எண்ணிக்கையை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கு 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கடன் கொடுக்கும்போது தரும் முக்கிய விவரக் குறிப்பு, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் 2024-இல் விதியாயிற்று. முதல் நாளில் தமிழில் பேசும் பாங்கு, வட்டி ஏறிய நாளிலும் தமிழிலேயே, "உங்கள் கடன் இன்ன வருஷம் முடியும், இவ்வளவு கூட்டிக் கட்டினால் இன்ன வருஷம் முடியும்" என்று இரண்டு வரி எழுதி, அவருடைய சம்மதத்தைக் கையெழுத்தாகப் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதில் பாங்குக்கு என்ன சிரமம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

2025-இல் ரெப்போ விகிதம் 5.25 வரை இறங்கியதைக் கேட்டு உற்சாகத்தோடு வீடு தேடிப் புறப்பட்டிருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். இறங்கிய வட்டி இருபது வருஷமும் இறங்கியே இருக்கும் என்று நம்பி, சம்பளத்தின் கடைசி ரூபாய் வரை தவணைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். பத்திரச் செலவாக முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் சேர்ந்து தமிழ்நாட்டில் 9 சதவீதம் போவதால், அதற்குள் கைச்சேமிப்பும் கரைந்திருக்கும். பாங்கு சொல்லும் வட்டியோடு இரண்டரை சதவீதம் கூட்டிக் கணக்குப் போட்டு, அந்தத் தவணையையும் கட்ட முடியும் என்றால் மட்டும் முன்பணம் கொடுங்கள். வருஷத்தில் ஒரு தடவை போனஸ் வந்தால் அதை அசலில் கட்டுங்கள்; மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

நண்பர் அந்தக் காகிதத்தோடு வந்த மறுநாளே இருவரும் பாங்குக்குப் போனோம். தவணையை 28,000 ரூபாயாக உயர்த்தச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்ததும், கணினியில் 2051 மறைந்து 2041 வந்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. வீடு திரும்பியதும், பூஜை அறையில் வைத்திருக்கும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கிரயப் பத்திர நகலை எடுத்து, அதன் பின்புறத்தில் அந்த வருஷத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். "2022-லேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே கூட்டிக் கட்டியிருப்பேனே, சார்" என்றார்.