முப்பது லட்சம் பவுண்டுக்கு முழுக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

சாகோஸ் தீவு மக்கள் உங்கள் அரசுக்கு மனுக் கொடுத்துச் சலித்துப்போனவர்கள். 1975இல் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள உங்கள் தூதரகத்தில் ஒரு மனுக் கொடுத்தார்கள். இது மொரீஷியஸ் அரசுக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. அந்த மக்களை ஊரைவிட்டு அகற்றிய அரசு சொன்ன பதில் அது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைத் தாங்கிய நாடு மொரீஷியஸ். அதன் தீவுகள் பறிபோனதை அயலார் கதையாகத் தமிழர்களான எங்களால் பார்க்க முடியவில்லை.

காலனிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை விளக்கப்போவதில்லை; ஒரே ஒரு பேரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

1965 செப்டம்பர் 23. மொரீஷியஸ் அன்று உங்கள் ஆட்சியின் கீழ் இருந்த காலனி. அதன் பிரீமியர் சிவசாகர் ராம்கூலம் விடுதலை பற்றிப் பேச லண்டன் வந்திருந்தார். பிரதமர் ஹெரால்டு வில்சன் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். அந்தச் சந்திப்புக்காக வில்சனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட குறிப்பு இன்று பொது ஆவணம். விடுதலை கிடைக்கும் என்ற ஆசையும், சாகோஸை விட்டுத்தராவிட்டால் கிடைக்காமல் போகும் என்ற அச்சமும் ராம்கூலத்துக்கு ஒருசேர உண்டாக வேண்டும் என்பது அதன் சாரம். அன்றே லங்காஸ்டர் மாளிகையில் முப்பது லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்கு இசைவு வாங்கிவிட்டீர்கள். நவம்பர் 8இல் அந்தத் தீவுகள் மொரீஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டன. நிபந்தனைகள் போதாது என்று மொரீஷியஸ் அமைச்சரவையிலிருந்து ஒரு கட்சியே வெளியேறியது.

வெளியேறியவர்களுக்கும் பேரத்தின் மறுபாதி தெரியாது. நீங்கள் வாங்கவிருந்த போலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவுக் கட்டணத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி செய்ய, அந்தத் தீவுகளில் ராணுவத் தளம் கேட்ட அமெரிக்கா ரகசியமாக ஒப்புக்கொண்டது. தீவுகளைப் பிரிக்கும் செலவில் அது அமெரிக்காவின் பங்கு. அன்றைய மாற்று விகிதத்தில் 50 லட்சம் பவுண்டு. காலனிக்குக் கொடுத்ததைவிடப் பெரிய தொகை. உங்கள் நாடாளுமன்றத்துக்கே சொல்லாமல் மறைத்த பணம். விற்பவனுக்கு விலையை மறைத்து, விற்க மறுத்தால் விடுதலை இல்லை என்று மிரட்டி முடித்ததை ஒப்பந்தம் என்று இன்னும் எப்படி அழைக்கிறீர்கள்?

அந்த முப்பது லட்சத்தில் தீவில் வாழ்ந்தவர்களுக்கு என்று ஒரு காசும் ஒதுக்கவில்லை. அவர்கள் நிரந்தரக் குடிகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள் என்று உங்கள் அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி அப்படி எழுதக் கை கூசவில்லை. 1971இல் சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவைக் காலி செய்தபோது, அவர்கள் வளர்த்த நாய்களை அடைத்துவைத்து வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கப்பல் ஏறினார்கள். மறுகுடியமர்த்த நீங்கள் பிற்பாடு கொடுத்த ஆறரை லட்சம் பவுண்டு அவர்கள் கைக்கு வர ஆண்டுக்கணக்கானது. அதற்குள் விலைவாசி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது.

2019இல் பன்னாட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவினை காலனி மக்களின் சுதந்திரமான விருப்பப்படி நடந்ததல்ல என்று கண்டு, மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவடையவில்லை என்று 13க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. 2025 மே 22இல் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன செய்தது? டியேகோ கார்சியாவுக்கு 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. அன்று போலவே இன்றும் இரண்டு அரசுகள் பேசி முடித்தன. அந்த மண்ணில் பிறந்தவர்களைப் பேச்சுவார்த்தையில் உட்கார வைக்கவில்லை. டியேகோ கார்சியாவில் அவர்கள் குடியேறவும் வழியில்லை.

1965இன் கணக்கை முழுதாக வெளியிடுங்கள். யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யாரிடம் எதை மறைத்தீர்கள் என்று உங்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். இனி தீவுகளைப் பற்றி எது பேசினாலும் அந்த மக்களைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களில் இன்று ஐம்பது வயதைத் தாண்டாதவர் ஒருவரும் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஊர் திரும்ப விடுங்கள்.