தயங்காமல் கேளுங்கள்



பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியவர்கள் பலர், சந்தேகம் கேட்கும் முன்பே "இது ரொம்பச் சின்னக் கேள்விதான்" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். நெதர்லாந்தில் கைடோ வான் ரோசம் 1989 இறுதியில் பைத்தானை எழுதத் தொடங்கினார். அதற்கு முன் அவர் உருவாக்கத்தில் பங்கேற்ற 'ஏபிசி' என்ற மொழி, நிரலாக்கத்துக்குப் புதியவர்களை மனத்தில் வைத்தே உருவானது. பைத்தானின் வேரிலேயே தொடக்கநிலை மாணவருக்கு இடம் இருக்கிறது.

"5, 5 என்று இரண்டு எண்களை உள்ளிட்டுக் கூட்டினால் 55 வருகிறதே, ஏன்?" என்பது பலருக்கும் வரும் கேள்வி. நாம் தட்டச்சு செய்யும் எதையும் 'இன்புட்' கட்டளை எழுத்துகளாகவே வாங்கிக்கொள்கிறது. எழுத்துகளைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' கட்டளை கொண்டு எண்ணாக மாற்றிக் கூட்டுங்கள், 10 வரும். தரவு வகை என்ற அடிப்படைப் பாடம் இதுதான்.

0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதும் பைத்தானின் பிழையல்ல. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்கிறது அல்லவா? கணினி பயன்படுத்தும் இரும முறையில் பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான் நீளும். கணினி அதை ஓரிடத்தில் வெட்டித்தான் சேமிக்க முடியும். பணக் கணக்குக்கு 'டெசிமல்' தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

நம் மாணவர்களுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. 'தமிழ்' என்பதன் நீளத்தை 'லென்' கட்டளை மூலம் கேட்டால், பைத்தான் 5 என்கிறது. நாம் எண்ணுவதோ மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருப்பதே காரணம். தமிழில் சொல் விளையாட்டோ அகராதியோ உருவாக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இந்த மூன்று கேள்விகளும் கணினி எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் போய் முடிகின்றன. பிறகு எப்படி அவை சின்னக் கேள்விகள் ஆகும்?

பிழைச் செய்தி சிவப்பாக நீண்டு வந்தால் பதறாதீர்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'பிரிண்ட்' அடைப்புக்குறி இல்லாமல் வரும் பாடங்களையும் ஒதுக்கிவிடுங்கள். அவை பைத்தான் 2 காலத்தவை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

சொல்லிக்கொடுக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட்பவரின் விசைப்பலகையை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருங்கள், அவரே தட்டட்டும், அவரே திருத்தட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்